கட்டி முடித்த வரி, கழியாத வில்லங்கம்

வரி பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டீர்கள். சலான் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து, இன்னும் நாலு தறி போடலாம் என்று வங்கிக்குப் போகிறீர்கள். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க இசியில (வில்லங்கச் சான்றுல) வணிகவரித் துறை ஜப்தி நிக்குதே" என்கிறார். "அதெல்லாம் கட்டியாச்சே சார்" என்கிறீர்கள். "கட்டினது சரி சார், ஜப்தியை எடுத்துட்டதா லெட்டர் இருக்கா?"

அந்தக் கடிதத்தை யாரிடம், எப்படி வாங்குவது, வாங்கியபின் எங்கெங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் பாக்கி எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவோம். ஆரணியில் பட்டுத் தொழில் செய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணக்கர் சென்னையிலோ வேலூரிலோ உட்கார்ந்திருந்தால் அவருக்கு விளக்க வேண்டிவரும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. பாவு போட்டு, சேவூரிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் வீட்டுத் தறிகளுக்குக் கொடுக்கிறோம். சேலை அறுத்து வந்ததும் கூலி ரொக்கமாகப் போகிறது. சேலையோ காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கடனுக்குப் போகிறது. கடைக்காரர் மூன்று மாதத்தில் தந்தால் நல்லவர். தீபாவளி கழியட்டும் என்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 5 சதவீத வரியைக் கட்டி கணக்கு கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டச் சொல்கிறார்கள் என்ற மனக்குறை நியாயமானது; ஆனால் சட்டம் பில் தேதியைத்தான் பார்க்கிறது. இப்படி ஒரு சீசன் தடுமாறினால் போதும், பாக்கி விழுந்துவிடும்.

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளரும், கூலிக்கு நெய்யும் நெசவாளரும் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவுக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்கள் நேராகக் கடன் அறிக்கை பற்றிய பகுதிக்குப் போகலாம். அங்கே அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

ஒன்றோடொன்று பேசாத மூன்று பதிவேடுகள்

வரி பாக்கி சிபில் அறிக்கையில் ஏறுமா? இந்தியாவில் ஏறாது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005இன்படி சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் தகவல் தருபவை வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் கொடுப்பவைதான். வணிகவரித் துறையோ வருமான வரித் துறையோ உங்கள் பாக்கியை அங்கே அனுப்புவதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. யூடியூபில் 'டாக்ஸ் லியன்' பற்றி அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே வைத்தியத்தை இங்கே செய்யப் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் வரிக்காகச் சொத்தின்மேல் பதிந்த உரிமை கடன் அறிக்கையிலும் ஏறிக்கொண்டிருந்தது. பாக்கியைக் கட்டிய பிறகும் ஏழு ஆண்டு அது அங்கே நின்றது. பெயரும் முகவரியும் சரியாகப் பொருந்தாமல் ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் விழுகிறது என்ற புகார்களுக்குப் பிறகு, 2018 ஏப்ரலில் அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்களும் அந்தப் பதிவுகளை முழுக்க எடுத்துவிட்டன. ஆகவே அந்தக் காணொளிகளில் பல அங்கேயே காலாவதியானவை. இங்கே எப்போதுமே பொருந்தியதில்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி. வரி அலுவலகத்தில் ஒரு பேரேடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு, கடன் தகவல் நிறுவனத்தில் ஒரு அறிக்கை. முதலாவதில் பணம் வரவானால் மற்ற இரண்டுக்கும் தானாகத் தெரியவராது. பாக்கி விழுந்தபோது மட்டும் செய்தி வேகமாகப் போகும்; வங்கிக்கு நோட்டீஸ், பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எல்லாம் துறையே அனுப்பும். தீர்ந்ததைச் சொல்லும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அறுந்த இழையைப் பிணைக்காமல் தறியை ஓட்டினால் கோடு சேலை முழுக்க ஓடுவதுபோல, முதல் பேரேட்டில் விட்ட பிழை மற்ற இரண்டிலும் ஓடும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் வரிப் பேரேடு, அடுத்து வங்கிக் கணக்கு, பிறகு வில்லங்கச் சான்று, கடைசியில் கடன் அறிக்கை.

வரிப் பேரேட்டில் பாக்கி உண்மையிலேயே கழிந்ததா?

நோட்டீஸைப் பார்த்துப் பயந்து கட்டியவர்களில் பலர் செய்வது டிஆர்சி-03 படிவம் வழியாகக் கட்டுவது. இது தானாக முன்வந்து கட்டுவதற்கான படிவம். அதிகாரி உத்தரவு போட்டு, டிஆர்சி-07 வழியாகக் கேட்பு (டிமாண்ட்) எழுந்த பிறகும் இதிலேயே கட்டினால், பணம் அரசுக்குப் போய்விடும். ஆனால் எந்தக் கேட்புக்காக என்பது பேரேட்டில் ஒட்டாது. ஜிஎஸ்டி தளத்தில் பொறுப்புப் பேரேட்டின் இரண்டாம் பகுதியைத் திறந்தால் கேட்பு அப்படியே நிற்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வசூலுக்கு வருகிற அதிகாரியின் கண்ணுக்கு நீங்கள் பாக்கிதாரர்தான். "கட்டிட்டேன் சார்" என்று சலானைக் காட்டினால், "சிஸ்டம்ல நிக்குதே" என்பார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

இதற்காகவே 2024 ஜூலையில் விதிகளைத் திருத்தி டிஆர்சி-03ஏ என்ற படிவத்தைக் கொண்டுவந்தார்கள். முன்பு கட்டிய டிஆர்சி-03இன் எண்ணையும், நிற்கிற கேட்பின் எண்ணையும் இதில் கொடுத்தால் இரண்டும் இணைந்து கேட்பு கழியும். உங்கள் கணக்கரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "03ஏ போட்டீங்களா?" கழிந்த பிறகு பேரேட்டைத் திறந்து, மீதம் பூஜ்யம் என்று காட்டும் பக்கத்தை அச்செடுங்கள். சலானைவிட வலுவான சான்று அந்தப் பக்கம்தான். சலான் பணம் போனதைச் சொல்லும். அந்தப் பக்கம் பாக்கி இல்லை என்பதைச் சொல்லும்.

2017-18, 2018-19, 2019-20 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் பாக்கிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 128ஏ பிரிவின்கீழ் வட்டி, அபராதத் தள்ளுபடி கேட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 மார்ச் 31க்குள் வரியை முழுக்கக் கட்டி விண்ணப்பித்தவர்களுக்கான சலுகை அது. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. நடவடிக்கை முடிந்தது என்ற எஸ்பிஎல்-05 உத்தரவு கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வட்டியும் அபராதமும் இன்னும் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய பாக்கி வேறு கதை. 2017 ஜூலைக்கு முன் கைத்தறித் துணிக்கு விற்பனை வரி விலக்கு இருந்தது. ஆகவே சேலை வியாபாரத்தால் வந்த பழைய பாக்கி அரிது. ஆனால் அப்பா ஒரு காலத்தில் ஹார்டுவேர் கடையோ வேறு ஏதாவது வியாபாரமோ நடத்தியிருப்பார். அந்தக் கணக்கில் நின்ற பாக்கிக்காக வீட்டின்மேல் ஜப்தி பதிந்திருக்கும். வீடு பிள்ளைகள் பேருக்கு வந்த பிறகு கடன் கேட்கும்போதுதான் அது தலைகாட்டும். இப்படிப்பட்ட பாக்கிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் சமாதானத் திட்டத்தை அறிவித்தது. 50,000 ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகளை வரி, வட்டி, அபராதம் மூன்றையும் சேர்த்து முழுதாகத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி ஆனதா என்பதை உங்கள் வணிகவரி வட்டத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தள்ளுபடியான பாக்கிக்காகப் போட்ட ஜப்தி பதிவேட்டில் அப்படியே கிடக்க வாய்ப்பு உண்டு. அதை யாரும் தேடி வந்து எடுக்கமாட்டார்கள்.

வங்கிக் கணக்கு முடக்கம்

கேட்பு நிலுவையில் இருக்கும்போது அதிகாரி உங்கள் வங்கிக்கு டிஆர்சி-13 நோட்டீஸ் அனுப்பலாம். உங்கள் கணக்கில் உள்ள பணத்தை எங்களுக்குக் கொடு என்பதுதான் அதன் பொருள். வங்கி உடனே கணக்கில் லியன் போடும். வழக்கு முடியும் முன்பே தற்காலிகமாக முடக்குவது 83ஆம் பிரிவில் வரும். அதற்கு டிஆர்சி-22, ஆயுள் ஓராண்டு. இந்த இரண்டில் எது உங்களுக்கு வந்தது என்பதை நோட்டீஸின் தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். விடுவிக்கும் வழி அதைப் பொறுத்தது. தற்காலிக முடக்கம் என்றால் விடுவிப்பு டிஆர்சி-23 வழியாக வரும். டிஆர்சி-13 என்றால், நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக அதிகாரி வங்கிக்கு எழுத வேண்டும்.

கேஷ் கிரெடிட் கணக்கை 83ஆம் பிரிவில் முடக்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் இருப்பது வங்கி கொடுத்த கடன்தானே தவிர உங்கள் பணம் அல்ல என்பது அதன் வாதம். உங்களுக்கு அப்படி நேர்ந்திருந்தால் வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள்.

விடுவிப்புக் கடிதத்தின் நகலைக் கிளையில் நேரில் கொடுத்துவிட்டு, லியன் நீக்கியதாக ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். கிளை மேலாளர் நல்லவராக இருந்தாலும் முடக்கத்தை எடுப்பது பல வங்கிகளில் மேலிடத்தில் நடக்கிற வேலை. ஒரு நாள் தாமதமும் உங்களுக்குக் கெடுதல், ஏனென்றால் வரி பாக்கி கடன் அறிக்கைக்குள் நுழைவது இந்தப் பின்வாசல் வழியாகத்தான். கணக்கு முடங்கியதால் முத்ரா கடனின் தவணை போகவில்லை, வாகனக் கடன் காசோலை திரும்பியது, கேஷ் கிரெடிட் வட்டி ஏறவில்லை. வங்கி இதை 'நாள் கடந்தது' என்று அறிக்கைக்கு அனுப்புகிறது. 90 நாள் தாண்டினால் கணக்கே வாராக்கடன் ஆகிவிடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுக்கக் கட்டினால்தான் மீண்டும் சாதாரணக் கணக்காக மாறும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஆகவே முடக்க நோட்டீஸ் வந்த அன்றே, வேறு வங்கியில் கணக்கு இருந்தால் தவணைகளை அங்கிருந்து போகும்படி மாற்றுங்கள். வீட்டார் கணக்கிலிருந்து கட்டினாலும் சரி. வரியைக் கட்டுவது ஒரு வாரம் தள்ளலாம், தவணையைத் தள்ளாதீர்கள்.

வில்லங்கச் சான்றில் நிற்கிற ஜப்தி

ஜிஎஸ்டி சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி வரி பாக்கி உங்கள் சொத்தின்மேல் முதல் பாத்தியதை. டிஆர்சி-16 வழியாக வீட்டையோ மனையையோ ஜப்தி செய்தால், அதன் நகல் பதிவு அலுவலகத்துக்குப் போய் வில்லங்கமாக ஏறும். 147ஆம் விதி இங்கே ஒரு வார்த்தை சொல்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அப்படி ஏறிய வில்லங்கத்தை உரிய அதிகாரியின் எழுத்துமூல அறிவுறுத்தல் வந்தால் மட்டுமே நீக்க வேண்டும். நீங்கள் சலானோடு சார்பதிவாளரிடம் நேராகப் போனால் அவர் திருப்பி அனுப்புவது இதனால்தான். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இந்த ஒரு பதிவு நீங்காமல் நிற்கும்வரை என்ன ஆகும்? பதிவுச் சட்டத்தில் 2022இல் தமிழ்நாடு சேர்த்த 22-பி பிரிவின்படி, ஜப்தியில் உள்ள சொத்தின்மேல் கிரயமோ தானமோ அடமானமோ பதியச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கவும் முடியாது, மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதவும் முடியாது. பத்து லட்ச ரூபாய் வீடு இருபதாயிரம் ரூபாய் பழைய பாக்கிக்காகக் கட்டிப்போட்டபடி கிடக்கும்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் சொத்தின் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். சர்வே எண், உட்பிரிவு, கிராமம் சரியாகக் கொடுங்கள். ஆரணி நகரத்துக்குள் இருக்கும் சொத்துகளில் பழைய சர்வே எண்ணும் நகர அளவை எண்ணும் மாறிக் கிடக்கும், இரண்டிலும் தேடுங்கள். ஜப்திப் பதிவு கிடைத்தால் அதன் ஆவண எண், ஆண்டு, எந்த அலுவலகத்தின் எந்தக் கடிதத்தின்பேரில் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் போகிற விண்ணப்பம் மேசையைத் தாண்டாது.

பிறகு வரி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கீழே உள்ளதை அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளலாம். ஜப்திக்கு அலுவலக மொழியில் பற்றுகை என்று பெயர்.

பெறுநர்: வணிகவரி அலுவலர் அவர்கள், ......... வட்டம்.

பொருள்: வரி நிலுவை முழுதும் செலுத்தியது – அசையாச் சொத்தின் மீதான பற்றுகையை நீக்கச் சார்பதிவாளருக்கு அறிவுறுத்தக் கோருதல்.

ஐயா, ......... என்ற பெயரில் ......... ஜிஎஸ்டி எண்ணில் தொழில் செய்து வருகிறேன். ......... நாளிட்ட கேட்பு எண் .........இன்படி நான் செலுத்த வேண்டிய ரூ. ......... தொகையை ......... அன்று முழுவதும் செலுத்திவிட்டேன். பொறுப்புப் பேரேட்டில் நிலுவை ஏதும் இல்லை. ஆயினும் மேற்படி நிலுவைக்காக ......... கிராமம், சர்வே எண் .........இல் உள்ள என் சொத்தின்மீது ......... சார்பதிவாளர் அலுவலகத்தில் ......... ஆம் ஆண்டு ......... எண்ணாகப் பதிவான பற்றுகை நீடிக்கிறது. விதி 147இன்படி அதை நீக்குமாறு சார்பதிவாளருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தி, நகலை எனக்கும் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: சலான், பேரேட்டின் நகல், வில்லங்கச் சான்று.

பழைய விற்பனை வரி பாக்கி என்றால் விதி எண்ணை எடுத்துவிட்டு, தள்ளுபடி அல்லது செலுத்திய விவரத்தை எழுதுங்கள்.

இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பதில் வரவில்லையானால் சண்டைக்குப் போகாதீர்கள்; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "என் விண்ணப்பத்தின்மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பல கோப்புகள் பதில் எழுதும் சாக்கிலேயே நகர்ந்துவிடும். முதல்வரின் முகவரி உதவி எண் 1100இலும் புகார் பதியலாம். மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்தின் கீழ் வருகிறவர்களுக்கு மத்திய அரசின் குறைதீர் தளம் இருக்கிறது. எதற்கும் அசையாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. சின்னத் தொகைக்கு அது செலவு பிடித்த வழி என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுவிப்புக் கடிதம் சார்பதிவாளருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அப்போது பலர் பதறுவார்கள்: "பழைய ஜப்தி இன்னும் அப்படியே இருக்கே!" இருக்கத்தான் செய்யும். பதிவேட்டில் ரப்பர் கிடையாது. பழைய பதிவு அழியாது. அதற்குப் பின் பற்றுகை நீக்கம் என்று புதிய பதிவு ஏறியிருக்க வேண்டும். அது ஏறியிருந்தால் வேலை முடிந்தது. வங்கிக்கு அந்த இரண்டு பதிவும் சேர்ந்த சான்றைக் கொடுங்கள்.

இதே போல, கட்டி முடித்த வங்கிக் கடனுக்கான அடமானமும் வில்லங்கத்தில் நிற்கும். கடனை அடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானப் பதிவையும் நீக்கியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று உத்தரவிட்டது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு. 2023 டிசம்பர் 1 முதல் பத்திரம் திரும்பத் தர வேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும். மேலாளரிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், வேகம் தெரியும்.

கடைசியாக, கடன் அறிக்கை

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காசு கேட்கும் செயலிகளில் சிக்காமல் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். சிபில் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் வாங்கியவர்களின் விவரம் கிரிஃப் ஹைமார்க்கில் அதிகம். நெசவாளர் குடும்பங்களில் தறி புருஷன் பேரிலும் குழுக் கடன் மனைவி பேரிலும் இருக்கும். இருவர் அறிக்கையையும் எடுங்கள். நிறுவனத்தின் பேரில் கடன் இருந்தால் தனிநபர் அறிக்கை போதாது. வணிக அறிக்கை தனியாக உண்டு. அங்கே 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணுக்குப் பதில் 1 முதல் 10 வரை தரவரிசை, 1 தான் மேல்.

அறிக்கையில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, முடித்த கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா. 'செட்டில்டு' என்று இருந்தால், வங்கி குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டு கணக்கை மூடியது என்று பொருள். அடுத்த வங்கிக்கு அது நல்ல சகுனம் இல்லை. விட்டுக்கொடுத்த மீதியைக் கட்ட முடிகிற நிலை வந்தால், கட்டி, 'முடிந்தது' என்று மாற்றக் கேட்கலாம். பணம் கொடுக்கும் முன் அப்படி மாற்றுவதாக எழுதி வாங்குங்கள். இரண்டு, மாதவாரியான தவணைப் பகுதி. சிபில் அறிக்கை 36 மாதத்தைக் காட்டும். கணக்கு முடங்கிய மாதங்களில் 30, 60 என்று எண்கள் இருக்கும். அவை உண்மை என்றால் அழிக்க முடியாது. அழித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர் உங்கள் பணத்தைத்தான் அழிப்பார். வங்கி உறுதி செய்யாமல் எந்த நிறுவனமும் ஒரு எழுத்தையும் மாற்றாது. அதற்குப் பதில் முடக்க நோட்டீஸ், விடுவிப்புக் கடிதம், சலான் மூன்றையும் ஒரே கோப்பாக்கி, புதுக் கடன் விண்ணப்பத்தோடு வையுங்கள். தொழில் நொடித்ததால் வந்த தாமதம் வேறு, கணக்கு முடங்கியதால் வந்த தாமதம் வேறு என்பது அனுபவமுள்ள மேலாளருக்குப் புரியும்.

மூன்று, உங்களுடையதல்லாத கடன். நம் ஊரில் இது கேலிக்குரிய அளவுக்கு நடக்கும். ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு இரண்டு முருகன்கள்; இருவரின் அப்பா பேரும் வேறு வேறு என்றாலும் அறிக்கையில் முழுப் பேர் விரியாமல் இனிஷியல் மட்டும் நிற்கும். பான் எண், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழை இருந்தால் தளத்திலேயே ஆட்சேபம் பதியலாம், கட்டணம் இல்லை. வங்கிக்கு 21 நாள், மொத்தம் 30 நாள். அதற்குள் தீர்க்காவிட்டால் தவறு யாருடையதோ அவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது தகவல் அனுப்புவதால், திருத்தம் ஏற முன்புபோல் நெடுநாள் பிடிக்காது. அப்படியும் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. வங்கியிடமோ நிறுவனத்திடமோ முதலில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. சலானில் மதிப்பீட்டு ஆண்டு தவறினால், கட்டிய பணம் வேறு ஆண்டுக்குப் போய், கேட்பு நின்றுகொண்டே இருக்கும்; வருமான வரித் தளத்தில் சலான் திருத்த வசதியில் அதைச் சரிசெய்யலாம். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் பழைய சிறு கேட்புகளைக் கைவிட்டார்கள்: 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் வரை. உங்கள் பேரில் அப்படி ஒன்று இன்னும் தளத்தில் தெரிந்தால் கேட்டு நீக்குங்கள்.

இவ்வளவையும் கல்யாண சீசனில், பாவுக்கும் கூலிக்கும் ஓடும்போது செய்ய முடியாது. விற்பனை மந்தமான ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசிக்குள் கையில் கடிதம் இருக்க வாய்ப்புண்டு. இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை: வில்லங்கத்தை இணையத்தில் பாருங்கள், கடன் அறிக்கையை எடுங்கள். விண்ணப்பம் எழுத வேண்டிவந்தால், நகலில் முத்திரை விழாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.